இந்த வேலை உனக்கு அவசரமா?

உக்காருங்க, உக்காருங்க. நான் உள்ள வந்தா எழுந்து நிக்கறதுக்கு நான் இப்ப உங்க மேனேஜர் இல்ல, ரிடையர் ஆன ஆளு. என் பேரு கமாலுதீன். இந்தத் தெருவுல கமால் பாய்னு கேட்டா பூக்கடைக்காரம்மா கூட வழி சொல்லும். இந்த லாட்ஜ் ரிசப்ஷன்ல தாடி கறுப்பா இருந்தப்போ வந்து உக்காந்தவன், முழுசா வெளுத்தப்புறம்தான் எழுந்தேன். புதுசா சேந்திருக்கற பசங்களுக்கு நாலு வார்த்த சொல்லுங்க பாய் சார்னு உங்க மேனேஜரம்மா கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமா? ஒரு வாரம் வேலை பாத்திருக்கீங்க, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கம்ப்யூட்டர்ல ரூம் எப்படிப் போடறது, ஆதார் எப்படி வாங்கறது, தண்ணி வரலன்னு கத்தறவங்களுக்கு என்ன பதில் சொல்றது, இதெல்லாம் அவங்க சொல்லிக் கொடுப்பாங்க. நான் வந்தது வேற ஒரு விஷயத்துக்கு. இன்டர்வியூல கடைசியா உங்க எல்லாருகிட்டயும் ஒரே கேள்வி கேட்டாங்களாமே? "இந்த வேலை உனக்கு அவசரமா?"னு. நீங்க சொன்ன பதிலெல்லாம் நேத்து கேட்டுட்டு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சேன். "அவசரமில்ல மேடம், அடுத்த மாசம் கூட சேர்றேன்"னு ஒருத்தர். "ரொம்ப அவசரம் மேடம், பெட்டியோடதான் வந்திருக்கேன்"னு ஒருத்தர். ஒரு தம்பி என்ன புரிஞ்சிக்கிட்டாரோ, "இல்ல மேடம், வரும்போதே போயிட்டுத்தான் வந்தேன்"னாராம். யாருப்பா அது? சரி, சொல்ல வேணாம்.

அந்தக் கேள்வி தமிழே இல்ல கண்ணுங்களா. அது என்ன பாஷைனு தெரியணும்னா ஒரு சனிக்கிழமைக் கதையக் கேக்கணும்.

அப்பத்தான் ஆந்திரா, தெலங்கானா ஜனங்க சனி ஞாயிறுன்னா சாமி கும்பிட இங்க வந்து குமிய ஆரம்பிச்ச சமயம். எனக்குத் தமிழ் தெரியும், வீட்ல பேசற உருது தெரியும், அதை வெச்சி இந்தியையும் ஒப்பேத்திடுவேன். தெலுங்குனா "ரண்டி, கூர்ச்சோண்டி", அவ்ளோதான் சரக்கு. வாங்க, உக்காருங்கன்னு அர்த்தம். அந்த "ரண்டி"யிலயும் ஒரு நாள் மாட்டிக்கிட்டேன். பழக்க தோஷத்துல, வடக்கேருந்து வந்த ஒரு குடும்பத்தப் பாத்து வாய் நெறைய அதையே சொல்லிட்டேன். இந்தில அது என்ன மாதிரி வார்த்தைனு எனக்குத் தெரியாதா? தெரியும். வாய் முந்திக்கிச்சு. தெரிஞ்சவங்க சிரிக்கறீங்க, தெரியாதவங்க வீட்டுக்குப் போய் யாரையும் கேக்காதீங்க.

அதுக்கப்புறம்தான் மொதலாளி போன்ல ஒரு விளம்பரம் போட்டாரு. தெலுங்கு தெரிஞ்ச மாணவர்களுக்கு லீவுல இன்டர்ன்ஷிப், சம்பளம் கிடையாது, நல்ல அனுபவம் கிடைக்கும்னு.

"ஏங்க, சம்பளம் இல்லாம யாருங்க வருவா?"ன்னேன்.

"எல்லா ஊர்லயும் இப்ப அப்படித்தான் பாய். இன்டர்ன்னா ஓசி"ன்னாரு. அவரு கெட்டவரு இல்ல. யாரோ சொன்னாங்க, அப்படியே புடிச்சிக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை ஒரு பொண்ணு வந்து கவுன்ட்டர் எதிர்ல நின்னுச்சு. காலேஜ் ரெண்டாவது வருஷம் பரீட்சை எழுதிட்டு லீவுல இருக்கு. பேரு சுகன்யா. ஆமா, அவங்கதான். திரும்பிப் பாக்காதீங்கன்னு சொல்றதுக்குள்ள எல்லாரும் திரும்பியாச்சா? பின்னாடி நின்னு என்ன முறைக்கறாங்க பாருங்க. மொறைங்கம்மா, நான் சொல்லத்தான் போறேன். இப்ப மேடம். அன்னிக்கு எனக்கு சுகன்யாதான், அப்படியே சொல்றேன்.

சுகன்யாவுக்கு ஊரு கீழ்பென்னாத்தூர் பக்கம். நெல்லும் மல்லாட்டையும், அதான் வேர்க்கடலையும், போடற குடும்பம். வீட்ல தெலுங்கு பேசுவாங்க. ஆனா ஆந்திராத் தெலுங்கு இல்ல, எத்தனையோ தலைமுறையா நம்ம மண்ணுல கெடந்து பாதி நம்ம ஆளா மாறிப்போன தெலுங்கு. ஸ்கூல்ல அதை வெச்சித்தான் இவளக் கிண்டல் பண்ணுவாங்களாம். அதனால வெளிய வாயத் தெறக்க மாட்டா. அப்பா ஷேர் வேன் ஓட்டறவரு. அந்த வேன்ல உக்காந்து டவுனுக்கு வரும்போதெல்லாம் லாட்ஜுங்க ரிசப்ஷனையே பாத்துக்கிட்டு வருவாளாம். ஒரு நாள் அந்த மேசைக்குப் பின்னாடி நிக்கணும்னு ஆசை.

ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேன் எஞ்சின் போயி ஷெட்ல நிக்குது. மூணாவது வருஷம் ஃபீஸ் கட்டணும். டவுன்ல ஒரு பட்டுக்கடையில லீவுக்கு ஆள் எடுக்கறாங்க, சம்பளத்தோட. அம்மா அங்க பேசியும் வெச்சாச்சு. சனிக்கிழமை விளக்கு வைக்கறதுக்குள்ள வரேன், வரலன்னு சொல்லணும். இல்லன்னா அந்த எடத்துக்கு வேற பொண்ணு.

இதெல்லாம் ஒளிக்காம என்கிட்ட சொல்லிட்டு, "பாய் சார், நாளைக்கு ஒரு நாள் வந்து பாக்கறேன். புடிச்சிருந்தா சேர்றேன், இல்லன்னா கடைக்குப் போறேன்"னா.

"நாங்கதாம்மா உன்ன டெஸ்ட் பண்ணணும்."

"சம்பளம் கொடுத்தா நீங்க பண்ணலாம் சார். இல்லன்னா நான்தான பண்ணணும்?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ரோஷம். வாம்மா, வந்து பாருன்னுட்டேன்.

சனிக்கிழமை கத்திரி வெயில். தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. பொண்ணு வந்ததும் கவுன்ட்டர்ல என் பக்கத்துல நிக்க வெச்சேன். அவ போனுல சார்ஜ் கம்மியா இருக்குன்னு கவுன்ட்டர் பின்னாடி இருந்த ப்ளக்ல சொருகிட்டா. இதை ஞாபகம் வெச்சிக்கோங்க.

மத்தியானம் நெல்லூர்லேருந்து ஒரு குடும்பம் வந்து எறங்குச்சு. வயசான அம்மா, அவங்க மகன், மருமக. அந்தம்மா ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிடையர் ஆனவங்க. இது அப்புறம் தெரிஞ்சது. அப்ப பாக்கறதுக்கு சோஃபாவுல சாஞ்சி, கண்ண மூடி, ஈரத் துண்டக் கழுத்துல போட்டுக்கிட்டு மூச்சு வாங்கிட்டிருந்தாங்க. ரெண்டு முட்டியையும் புடிச்சி விட்டுக்கறாங்க. அந்த வாரம்தான் மாடிப்படியில ஒரு பெரியவரு வெயில் தாங்காம மயங்கி விழுந்து எங்க உசுரக் கையில புடிச்சிருந்தோம். அதனால எனக்கு அந்தம்மா மேலயே கண்ணு.

மகன் ரூம் சாவிய வாங்கிட்டு, போற போக்குல சுகன்யாகிட்ட சொல்றாரு: "அம்மகி ஆட்டோ அவசரம். தொந்தர லேது."

சுகன்யா என் பக்கம் திரும்பினா. "சார், அவங்கம்மாவுக்கு ஆட்டோ அவசரமாம். தொந்தரவு ஒண்ணும் இல்லையாம்."

அந்த மகன் அவரு பாட்டுக்கு பெட்டியத் தூக்கிக்கிட்டு பொண்டாட்டியோட லிஃப்ட்ல ஏறிட்டாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. பெத்த தாயி மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கா, அவசரம்னு சொல்லிட்டு இவன் குளிக்கப் போறான், என்ன புள்ளைடா இவன்! அப்புறம் யோசிச்சேன். அவசரம்ங்கறான், தொந்தரவு இல்லங்கறான். ரெண்டும் எப்படிச் சேரும்? ஆங், புரிஞ்சி போச்சு. அம்மா எதிர்ல சீக்குனு சொல்ல முடியாம மறைக்கறான். இத்தன வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன், எனக்கா தெரியாது?

அனுபவம் ஜாஸ்தியானா இப்படித்தான். சொன்னதுக்கு மேல நாமளே நாலு வார்த்த சேத்துக்குவோம்.

வெளிய நம்ம ஏழுமலை ஆட்டோ நின்னுட்டிருந்துச்சு. கையக் காட்டினேன், வாசலுக்கே வந்துட்டான். அந்தம்மா கண்ணத் தெறந்து ஆட்டோவப் பாத்து, "அப்பா, எந்த தொந்தர!"ன்னாங்க.

"பாத்தியா? எவ்ளோ தொந்தரவுனு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நீ கூடவே போ. ஏழுமலை, வேங்கிக்கால் ரோட்டுல ஆஸ்பத்திரிக்கு விடு. எங்கயும் நிக்காத!" ரெண்டு பேருமாக் கைத்தாங்கலாப் புடிச்சி ஏத்தினோம். அந்தம்மா என்னப் பாத்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அல்லா காப்பாத்துன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

ஆட்டோ தெரு முனை திரும்பல, கவுன்ட்டர்ல போன் அடிக்குது. சுகன்யா போன். சார்ஜ்ல இருக்கறத மறந்துட்டுப் போயிட்டா. எடுத்தா அவங்கம்மா.

"சுகன்யா எங்க சார்? கடையிலேருந்து பதில் கேக்கறாங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காம்மா"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது.

"ஐயய்யோ! எம் பொண்ணுக்கு என்ன ஆச்சு? ஒரே நாள்ல என்ன சார் பண்ணீங்க அவள?" அந்தம்மா போட்ட கூச்சல்ல பக்கத்துல நின்ன ரூம் பாய் ஓடியே போயிட்டான். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல, வேற ஒரு அம்மாவுக்குத் துணைக்குப் போயிருக்கான்னு புரிய வைக்கறதுக்குள்ள எனக்குத் தொண்ட வத்திப்போச்சு.

வெச்சேன். உடனே என் போன். ஏழுமலை.

"பாய், இந்தம்மா போட்டுக் கத்துது பாய். கொண்ட கொண்டங்குது, எடம் எடம்ங்குது. கொண்டை அவுந்துடுச்சோ என்னமோ. வண்டிய நிறுத்துங்குது!"

பின்னாடி அந்தம்மா குரல் கேக்குது. சீக்குக்காரங்க குரலா அது? ஒரு ஸ்கூலையே அசெம்பிளில நிக்க வெக்கற குரலு. சுகன்யாவும் என்னமோ கத்தறா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி "அவசரம்! அவசரம்!"னு ஒரே வார்த்தையக் கத்திக்கறாங்க. லைன் கட்டாயிடுச்சு. திருப்பிப் போட்டா எடுக்கல.

அந்த நேரம் பாத்து மகன்காரர் குளிச்சி முடிச்சி, நெத்தி நெறைய விபூதியோட லிஃப்ட்லேருந்து எறங்கறாரு. சோஃபாவப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. "அம்ம?"ன்னாரு.

எனக்குத் தெரிஞ்ச ஒரே பொது வார்த்தையச் சொன்னேன். "ஹாஸ்பிடல்."

அவரு மூஞ்சி போன போக்கு இருக்கே! நான் இன்னும் விளக்கறதுக்குள்ள வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஓடி இன்னொரு ஆட்டோவுல ஏறிட்டாரு. மருமகப் பொண்ணு சோஃபாவுல உக்காந்து அழுவுது. நான் அதுக்குத் தண்ணி கொடுக்கறேன். கவுன்ட்டர்ல செக்கின் பண்ண நாலு குடும்பம் நிக்குது. மொதலாளி வேற அந்த நேரத்துல உள்ள வந்து, "என்ன பாய், யாரு போயிட்டா?"ங்கறாரு. நல்ல வார்த்தையே வராதா மனுஷனுக்கு!

கொஞ்ச நேரத்துல மகன் ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்றாரு. அம்மா அங்க இல்லையாம். அப்ப எங்க?

இதுக்கு நடுவுல சுகன்யா அம்மா திரும்பவும். இப்ப குரல் தணிஞ்சிருக்கு. "சார், கடைக்காரங்க இப்பவே சொல்லுன்றாங்க. அவ போனும் உங்ககிட்ட இருக்குது. நீங்களே சொல்லுங்க சார். கடைக்கு வேணாம்னு சொல்லிடட்டுமா, வரான்னு சொல்லிடட்டுமா?"

இங்கதான் கண்ணுங்களா நீங்க கவனிக்கணும். என் தலைக்கு மேல அவ்ளோ ஓடிட்டிருக்கு. ஒரு வார்த்த போதும் எனக்கு. "வேணாம்னு சொல்லிடுங்கம்மா, அவ இங்கயே சேந்துட்டா." முடிஞ்சுது. தெலுங்கு பேசற பொண்ணு ஓசியில எங்களுக்கு. மொதலாளி வேற எதிர்லயே நின்னு தலைய ஆட்டறாரு, சொல்லு சொல்லுன்னு. ஆனா பாருங்க, அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை என் எதிர்ல நின்னு ஒண்ணும் ஒளிக்காமப் பேசினா. அவ இல்லாத நேரத்துல அவ கதவ நான் சாத்தறதா? மனசு ஒப்பல.

"அம்மா, அது அவ சொல்லணும், நான் சொல்லக் கூடாது. கடைக்காரர்கிட்ட நான் பேசறேன்"னு வெச்சிட்டு, அந்தப் பட்டுக்கடை சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். தெரிஞ்சவருதான், எங்க லாட்ஜ் ஜனங்கள எவ்ளோ பேர அவரு கடைக்கு அனுப்பியிருக்கேன்.

"எங்களுக்கு ஆள் அவசரம் பாய்"ன்னாரு.

"இன்னிக்கு அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட சொல்லாதய்யா. விளக்கு வெச்சப்புறம் ஒரு டீ குடிக்கற நேரம் பொறு. எனக்காக."

"உங்களுக்காகத்தான் பாய்"னு வெச்சாரு.

ஊரெல்லாம் ஆள் விட்டுத் தேடினேன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோ ஸ்டாண்டுல சொல்லி வெச்சேன். மகன் ஆஸ்பத்திரியில வார்டு வார்டாத் தேடிட்டு, அழுது வீங்கின கண்ணோட திரும்பி வந்து என் சட்டையப் புடிக்காத குறை. வெயில் எறங்கி, மலை மேல வெளிச்சம் மஞ்சளா மாறுது. அப்ப தெருவுல ஒரு ஆட்டோ ஹாரன் அடிச்சிக்கிட்டே வருது. ஏழுமலை!

உள்ளேருந்து யாரு எறங்கறா? நெத்தியில விபூதி, கழுத்துல மாலை, கையில ஒரு பையி நெறைய பிரசாதம். ஹெட்மிஸ்ட்ரஸம்மா! மூஞ்சி பளபளன்னு இருக்கு. பின்னாடியே சுகன்யா. நிக்க முடியாம சிரிக்கறா. ஏழுமலை ஸ்டியரிங் மேல கவுந்து சிரிக்கறான். மகன் ஓடிப் போய் அம்மாவக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஓன்னு அழுவறாரு. அந்தம்மாவுக்கு இவன் ஏன் அழுவறான்னு புரியல.

விஷயம் என்னன்னு சுகன்யாதான் சிரிப்ப அடக்கி அடக்கி சொன்னா. ஆந்திராத் தெலுங்குல "அவசரம்"னா நம்ம அவசரம் இல்ல, "தேவை"னு அர்த்தம். "தொந்தர"ன்னா நம்ம தொந்தரவு இல்ல, அதான் அவங்க அவசரம்! மகன் சொன்னது: "அம்மாவுக்கு ஒரு ஆட்டோ தேவை. அவசரம் இல்ல." முட்டி வலியில நடந்து கிரிவலம் போக முடியாது, அதனால சாயங்காலமா ஆட்டோவுல மலையச் சுத்தணும்னு வந்திருக்காங்க. சொன்ன மறு நிமிஷம் ஆட்டோ வாசலுக்கு வந்ததும் அந்தம்மா "எந்த தொந்தர!"ன்னது, "அப்பா, எவ்ளோ சுறுசுறுப்பு!"ன்னு எங்களப் பாராட்டினது. நான்தான் அதைக் கேட்டுட்டு அல்லாவக் கூப்பிட்டேன்.

அந்தம்மா கிரிவலம்தான் போறோம்னு கைய கூப்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஆட்டோ வேங்கிக்கால் ரோட்டுல ஏறினதும் பாத்தா மலை எடது கைப் பக்கமா வருது. கிரிவலம்னா மலை எப்பவும் வலது கைப் பக்கம்தான வரணும்? அபச்சாரம், சாமிய எடமாச் சுத்தறானேன்னு பதறிப்போய் "கொண்ட எடம பக்கம்! கொண்ட எடம பக்கம்!"னு கத்தியிருக்காங்க. கொண்டன்னா மலை. எடமன்னா எடது. நம்ம ஏழுமலைக்குக் கொண்டை அவுந்து போச்சு.

சுகன்யா சொன்னா: "ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா, உங்க புள்ளதான அவசரம்னாருன்னு நான் சொல்றேன். அவங்க ஆமா, அவசரம்தான், அதுக்கேன் ஆஸ்பத்திரிங்கறாங்க. எங்க வீட்டுத் தெலுங்குல அவசரம்னா நம்ம அவசரம்தான் சார். ரோட்டோரம் வண்டிய நிறுத்தி ஒரு சண்ட போட்டோம் பாருங்க. சண்ட நடுவுலதான் ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. அப்புறம் ஆரம்பிச்ச சிரிப்பு சார், செங்கம் ரோடு தாண்டியும் நிக்கல. வழியில ஒவ்வொரு லிங்கத்துலயும் எறங்கிக் கும்பிட்டுட்டு ஏறும்போது என்னப் பாத்து 'அவசரமா?'ங்கறாங்க, திரும்பச் சிரிக்கறாங்க."

"ஏழுமலை, நீ ஏண்டா போன எடுக்கல?"

"சாமி சுத்தும்போது போன் என்னான்னு புடுங்கி அவங்க பையில போட்டுக்கிச்சு பாய். நான் எதிர்த்துப் பேச முடியுமா? ஸ்கூல்ல எங்க டீச்சரக் கண்டா எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு."

தப்பு யாருதுன்னு இன்னி வரைக்கும் முடிவாகல. அவ மொழிபெயர்த்தது தப்புன்னு நான் சொல்வேன், நான் ஆஸ்பத்திரின்னது தப்புன்னு அவ சொல்வா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. யாராவது வந்து பதட்டமா எதையாவது சொன்னா, ஓடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கேளுங்க. "என்ன வேணும்மா?" ஒரு கேள்வி. அன்னிக்கு அது கேட்டிருந்தா ஒரு மனுஷன் வார்டு வார்டா அழுதிருக்க மாட்டாரு.

சரி. எல்லாரும் டீ குடிச்சோம். தெருவுல லைட்டு போட்டாச்சு. நான் சுகன்யா போன அவ கையில கொடுத்து, அம்மா கேட்டத, நான் கடைக்காரர்கிட்ட வாய்தா வாங்கினத எல்லாம் சொன்னேன். அவ சிரிப்பு நின்னுடுச்சு.

"என் சார்பா நீங்க ஒண்ணும் சொல்லலயா சார்?"

"நான் ஏம்மா சொல்லணும்?"

டீ கிளாஸக் கீழ வெச்சா. அப்புறம் சொன்னா: "பாய் சார், அந்தப் பட்டுக்கடை வேலை தொந்தர. இந்த வேலை அவசரம்."

எனக்குத் தலை சுத்திடுச்சு. "தாயே, எந்த பாஷைனு மொதல்ல சொல்லிட்டுப் பேசு!"

"தெலுங்கு சார். ஒரிஜினல் தெலுங்கு. அந்த வேலைக்கு அவங்கதான் அவசரப்படறாங்க. இந்த வேலை எனக்குத் தேவை. கடையில எனக்குத் தெரிஞ்சத வெச்சி ஒப்பேத்திடலாம். இங்க எனக்குத் தெரியாதது எவ்ளோ இருக்குன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். என் தெலுங்க வெச்சிக் கிண்டல் பண்ணாம, கூடவே சேந்து சிரிச்சவங்களையும் இன்னிக்குத்தான் பாத்தேன்."

மொதலாளி பக்கத்துல நின்னவரு, "அப்ப நாளையிலேருந்து வந்துடும்மா"ன்னாரு. வாயெல்லாம் பல்லு.

சுகன்யா எழுந்து நின்னா. வீட்ல வேன் ஷெட்ல நிக்குது, கடை வேலைய விட்டா அம்மாகிட்ட என்ன சொல்றது. ஆனாலும் தெளிவாக் கேட்டா.

"சார், எனக்கு இந்த வேலை அவசரம், ஒத்துக்கறேன். உங்களுக்கு நான் அவசரமா?"

"என்னம்மா சொல்ற?"ன்னாரு மொதலாளி.

"நான் உங்களுக்குத் தேவை இல்லன்னா, நான் வந்து இங்க என்ன பண்ணப் போறேன்? துண்டு மடிப்பேன். அதுக்குக் கடைக்கே போயிடறேன். நான் தேவைன்னா, அப்புறம் ஏன் சார் ஓசி?"

நான் ரிசப்ஷன்ல எத்தனையோ வாய்ச்சண்ட பாத்தவன். இவ்ளோ மரியாதையா ஒருத்தர மடக்கினத அன்னிக்குத்தான் பாத்தேன். மொதலாளி என்னப் பாத்தாரு. நான் விட்டத்தப் பாத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸம்மா, ஒரு வார்த்த தமிழ் தெரியாதவங்க, "அவசரம்"ங்கறது மட்டும் காதுல விழுந்து, மொதலாளியப் பாத்து தலைய வேகமா ஆட்டறாங்க. "அவசரம், அவசரம்!" அவங்க எதுக்கு ஆட்டினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

மொதலாளி சிரிச்சிட்டாரு. "சரிம்மா, தேவைதான். ஓசி இல்ல. பாய், என்ன கொடுக்கறதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க." பட்டுக்கடை அளவுக்கு வரல. ஆனா ஃபீஸ் கட்ட அவங்கம்மா யாருகிட்டயும் போய் நிக்க வேண்டி வரல. நான் அவங்களுக்குப் போன் போட்டு விஷயத்தச் சொன்னேன். அப்புறம் கேட்டாங்க பாருங்க, "இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் அனுப்ப மாட்டீங்களே சார்?"

சூப்பர்வைசருக்கு சுகன்யாவே போன் பண்ணி, வரலைங்க, காத்திருந்ததுக்கு நன்றின்னு சொன்னா. மனுஷன் நல்லவரு, உன் கல்யாணப் பொடவை எங்க கடையிலதான்னாரு. அங்கதான் எடுத்தாங்க, நானும் கூடப் போயிருந்தேன்.

இவங்க மேனேஜர் ஆனதும் மொத வேலையா அந்த விளம்பரத்துல இருந்த "சம்பளம் கிடையாது"ங்கறத எடுத்தாங்க. உங்களுக்கெல்லாம் டிரெயினிங்லயே கையில ஏதோ வருதில்ல? அது அந்த டீக்கு அப்புறம் வந்தது. நாளைக்கு உங்க தம்பி தங்கச்சி யாராவது லீவுல ஓசி வேலைக்குப் போலாமான்னு கேட்டா, போன்னும் சொல்லாதீங்க, போகாதன்னும் சொல்லாதீங்க. அந்த எடத்துல போய் நின்னு, ரெண்டு பக்கமும் கேக்கச் சொல்லுங்க. உனக்கு அவங்க தேவையா, அவங்களுக்கு நீ தேவையா? மொதக் கேள்விய எல்லாரும் கேக்கறாங்க. ரெண்டாவதுக்குத்தான் நாக்கு எழ மாட்டேங்குது.

அதனாலதான் இன்டர்வியூல அந்தக் கேள்வி. அவங்க உங்க பதிலுக்காகக் கேக்கல. யாராவது திருப்பிக் கேக்கறாங்களான்னு பாக்கறாங்க. "மேடம், உங்களுக்கு நான் அவசரமா?"ன்னு. உங்கள்ல யாராவது கேட்டீங்களா? இல்ல, ஒருத்தராவது கேட்டிருப்பீங்க. எங்க, கையத் தூக்குங்க பாப்போம்.

ஏய் சுகன்யா, நீ எதுக்கும்மா கையத் தூக்கற?